போக அனுமதியுள்ள இடங்கள்

வேர்னா பாவ்லிக் வாயைத் திறக்க வேண்டுமென்றால், கரண்டியைப் பிடித்திருப்பது அவள் கணவன் ஓரினின் கையாக இருக்க வேண்டும். வேறு யார் ஊட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். அந்த முதியோர் இல்லத்துப் பணிப்பெண்கள் நல்ல மாதிரிதான். கெஞ்சிப் பார்த்தார்கள், பாட்டுப் பாடிப் பார்த்தார்கள். ம்ஹூம். கணவனின் பெயரை அவள் மறந்து ஒரு வருஷமாகிவிட்டது, கையை மட்டும் எப்படியோ மறக்கவில்லை. ஆகவே தினமும் பகல் பதினொன்றரைக்கு ஓரின் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு ஆற்றோரச் சாலை வழியாகப் போவார். உருளைக்கிழங்கு மசியலையும் ஆப்பிள் கூழையும் ஊட்டிவிட்டு, அவள் தூங்கியதும் திரும்புவார். இப்படிப் பதினான்கு மாதம், ஒரு நாள் தவறவில்லை.

அவருக்கு எழுபத்தொன்பது வயது. முப்பத்தோரு வருஷம் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், அந்தப் பக்கத்து மலைச்சாலைகளில் எது எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பிள்ளைகுட்டி கிடையாது. வேர்னாதான் எல்லாம்.

சனியன் அவர் வலது காலில் வந்து உட்கார்ந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரு புண். தானே கட்டுப்போட்டுக்கொண்டு, சரியாகிவிடும் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டார். அது சீழ் பிடித்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வைத்தது. அனுப்பும்போது டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை இப்படி ஆனால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று. வாரத்துக்கு மூன்று முறை, கைதேர்ந்த ஒருவர் அழுத்திக் கட்டுப்போட வேண்டும். புண் சிகிச்சை நிலையம் முப்பது மைல் தள்ளி இருந்தது. கார் ஓட்டக் கூடாது, அவ்வளவு தூரம் கொண்டுபோய்விட ஆளில்லை. அதனால் முதியோருக்கான அரசாங்கக் காப்பீடான மெடிகேர் செலவில் வீட்டுக்கே நர்ஸ் வருவதாக ஏற்பாடாயிற்று.

நர்ஸ் பெயர் ரோண்டா டில்லர்ட். தடித்த உடம்பு, மெல்லிய கை. இரண்டாவது தடவை வந்தபோது ஓரின் குஷியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரன் தன்னைத் தினம் மத்தியானம் வேர்னாவிடம் கொண்டுபோய் விடச் சம்மதித்துவிட்டான், நாளையிலிருந்து பழையபடி ஊட்டப் போகலாம் என்று பெருமையாகச் சொன்னார். கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்த ரோண்டாவின் கை நின்றது.

"மிஸ்டர் பாவ்லிக், தினமுமா?"

"தினமும்தான். ஏம்மா?"

அப்புறம் அவள் விளக்கினாள். வீட்டுக்கு நர்ஸ் வர வேண்டுமென்றால் நோயாளி 'வீட்டோடு இருப்பவர்' என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே போவது அபூர்வமாகத்தான் இருக்க வேண்டும், கொஞ்ச நேரமாகத்தான் இருக்க வேண்டும். தினம் ஒருவர் கிளம்பிப் போனால், அவர் வீட்டோடு இருப்பவர் இல்லை, சிகிச்சை நிலையத்துக்கே போக முடிந்தவர் என்று, நர்ஸ்களை அனுப்பும் கம்பெனி அவளை நிறுத்திவிடும். விதிகளை விளக்கும் கடிதம் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கடிதத்தை ஓரின் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து இருபது தடவையாவது படித்திருப்பார். போக அனுமதியுள்ள இடங்கள் அதில் வரிசையாக இருந்தன. மருத்துவத்துக்குப் போகலாம். முடிவெட்டப் போகலாம். வழிபாட்டுக்குப் போகலாம். குடும்ப விசேஷத்துக்குப் போகலாம். இழவுக்குப் போகலாம். பெண்டாட்டிக்குச் சோறூட்ட என்று எங்கேயும் இல்லை. அவள் செத்தால் போகலாம், சாகாமல் பார்த்துக்கொள்ளப் போகக் கூடாது. என்ன கண்றாவிச் சட்டம் இது என்று அவருக்கு வயிறு எரிந்தது. முப்பத்தோரு வருஷம் ஒவ்வொரு சம்பளத்திலும் இதற்காகத்தானே காசு பிடித்தார்கள்.

பக்கத்து வீட்டு டுவேன் ஃபிகெட்டிடம் புலம்பினார். டுவேன் கூரை வேய்கிறவன். அறுபத்திரண்டு வயது, தேய்ந்த முழங்கால், காப்பீடு கிடையாது. மூன்று வருஷம் கழித்து, அறுபத்தைந்து வயதில் மெடிகேர் கிடைத்ததும்தான் முழங்காலைக் காட்டுவது என்று ஏணியில் நொண்டிக்கொண்டே ஏறுகிறவன்.

"உனக்கு வாசல் தேடி நர்ஸ் வர்றா, அதுவும் என் சம்பளத்துலேருந்து பிடிக்கிற காசுல. நீ அழுவுற. எனக்கு மாத்திரை வாங்கவே யோசனையா இருக்கு," என்றான். சொல்லிவிட்டு, வெளியே போனதை மறைத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று யோசனையும் கொடுத்தான்.

"பொய்யை நான் சொல்லுவேன், கையெழுத்துப் போடுறது அந்தப் பொண்ணுடா," என்றார் ஓரின். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தினமும் மத்தியானம் பன்னிரண்டு அடிக்கும்போது அவருக்குக் கை நமநமக்கும். முதியோர் இல்லத்துக்கு ஃபோன் போடுவார். இன்றைக்கு இரண்டு கரண்டி சாப்பிட்டாள் என்பார்கள். இன்றைக்கு ஒன்றுமே இல்லை என்பார்கள். ஃபோனை வைத்துவிட்டு, வீட்டுக்குள், பிடித்து நடக்கும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்கும் ஜன்னலுக்குமாக நடப்பார். ஊர் முழுக்கப் பாதை திறந்துவிட்ட மனுஷனுக்குப் பதினெட்டு அடி நீள வீடு.

ஒரு வாரம் இப்படித் தவித்த பிறகுதான் 'வழிபாடு' என்ற சொல் கண்ணில் தைத்தது. வேர்னாவின் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்திலேயே ஜெபக் கூட்டம் நடக்கும். அது முடிந்த கையோடு சாப்பாடு. ரோண்டாவிடம் கேட்டார். சர்ச்சுக்குப் போவதை யாரும் கேள்வி கேட்க முடியாது, எந்தச் சர்ச் என்று விதியில் சொல்லவில்லை என்று அவள் சிரித்தாள்.

ஓரின் கடைசியாகச் சர்ச் படி ஏறியது தன் கல்யாணத்துக்கு, அதுவும் மாமியாருக்குப் பயந்து. அவர் கோட்டும் டையுமாக நிற்பதைப் பார்த்து டுவேன் வண்டியின் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்றுதான் அந்த வேஷம். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வேர்னா பக்கத்தில் உட்கார்ந்தார். பாஸ்டர் அம்மாள் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்ல, எல்லோரும் ஆமென் சொல்ல, ஓரின் கரண்டியை எடுத்தார். வேர்னா மொத்தத் தட்டையும் சாப்பிட்டாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் வாரத்தில் ஏழு நாள் இருக்கிறதே. ஐந்து ஞாயிறு போனது. ஞாயிற்றுக்கிழமை தட்டு காலி, மற்ற ஆறு நாளும் உதடு பூட்டு. ஐந்தாவது வாரம் இல்லத்திலிருந்து ஃபோன் வந்தது. வேர்னாவின் எடை தொண்ணூற்றிரண்டு பவுண்டுக்கு, நாற்பத்திரண்டு கிலோவுக்கு இறங்கிவிட்டதாம். வயிற்றில் குழாய் வைப்பதா, இல்லை அப்படியே விடுவதா, வந்து பேச முடியுமா என்று கேட்டார்கள்.

அடுத்த நாள் ரோண்டா வந்தாள். புண் பாதி ஆறியிருந்தது, இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் மூடிவிடும் என்றாள். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டாள், இந்த வாரம் எங்கேயாவது வெளியே போனீர்களா என்று.

"நாளையிலேருந்து தினம் போவேன். எழுதிக்கோ."

"எனக்குக் காது கேக்கலை, மிஸ்டர் பாவ்லிக்."

"கேட்டுது. எழுது, ரோண்டா. உனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு, உன் வேலையோட நான் விளையாட மாட்டேன்."

அவள் பேனாவால் அவர் காலில் இருந்த கட்டைச் சுட்டிக்காட்டினாள்.

"இந்தக் கால் போயிடும், தெரியுதா உங்களுக்கு?"

"இன்னொண்ணு இருக்கு. அவ ஒருத்திதான் இருக்கா."

ரோண்டா எழுதினாள். எழுதி முடித்ததும் தரையில் உட்கார்ந்து, கட்டு எப்படிச் சுற்றுவது, எங்கே இறுக்குவது, எந்த நிறம் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று மூன்று தடவை செய்து காட்டினாள். ஓரினுக்குக் குனிந்தால் மூச்சு முட்டியது, கணுக்கால் வரை கை எட்டவில்லை. டுவேனைக் கூப்பிட்டு அவனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவன் தார் படிந்த விரல்களைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, பெட்டி நிறையக் கையுறைகளை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து ஓரினுக்குக் கல்யாண மாப்பிள்ளை பரபரப்பு. சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையும் டையையும் எடுத்து மாட்டிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் வேர்னாவின் எதிரே உட்கார்ந்து, மசியலை அள்ளி அவள் வாயருகே கொண்டுபோனார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. கையையும் பார்க்கவில்லை. அவருடைய டையைப் பார்த்தாள். மடியில் கிடந்த இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கிக் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்தாள்.

"ஜெபம் பண்ணுங்க, பாஸ்டர்," என்றாள்.

ஓரின் கரண்டியைத் தட்டில் வைத்தார். வேர்னா, நான்தான், என்றார். அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஜெபம் வராமல் சாப்பாடு வராது என்று அவளுக்கு ஐந்து ஞாயிறு சொல்லிக்கொடுத்திருந்தது. ஓரினுக்கு ஒரு ஜெபமும் தெரியாது. பாஸ்டர் அம்மாள் சொன்னதில் ஒரு வரிகூட அவர் காதில் வாங்கியதில்லை. மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு, சர்ச்சில் இழுப்பதுபோல் இழுத்து அதைச் சொன்னார்.

"மருத்துவத்துக்குப் போகலாம். முடிவெட்டப் போகலாம். வழிபாட்டுக்குப் போகலாம். குடும்ப விசேஷத்துக்குப் போகலாம். இழவுக்குப் போகலாம். போவது அபூர்வமாக இருக்கட்டும். கொஞ்ச நேரமாக இருக்கட்டும்."

"ஆமென்," என்று சொல்லிவிட்டு வேர்னா வாயைத் திறந்தாள்.

மசியல் ஆறிப்போயிருந்தது. அவர் ஊட்டினார்.