மூன்று புள்ளிக் கோடாலி

யுத்த காலம், புது இரும்பு கிடைக்கவில்லை. வீரபாண்டித் திருவிழாவில் பழைய கைக்கோடாலி ஒன்று வாங்கினேன். விற்றவன் முழியே சரியில்லை; திருட்டுச் சாமானோ என்று வழியெல்லாம் உறுத்தல். வீட்டில் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தேன். துருவுக்கடியில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. எங்கள் ஊர்க் கொல்லர் வீட்டுக்கு வீடு வேறு குறி போடுவார். மூன்று புள்ளி எங்கள் குறி. இரண்டு வருஷம் முன்பு தொலைந்த அதே கோடாலி! பக்கத்துத் தோட்டக்காரன்தான் களவாண்டான் என்று அன்றே பேச்சை முறித்திருந்தேன்.

"களவாணிப்பய வித்தே தின்னுட்டான்!" என்று கத்தினேன்.

"அவரை ஏன் வையிறீக?" என்றாள் என் மனைவி. "காம்பில்லாமத் துருப்பிடிச்சுக் கெடந்துச்சுன்னு நாந்தான் பேரீச்சம்பழத்துக்குப் போட்டேன். நீங்களுந்தான தின்னீக!"