நான்காவது வேண்டாம்

கான்செப்டா புது மெத்தை வாங்கியிருக்கிறாள் என்ற செய்தி கால்வே நகரில் ஒரு முடிதிருத்தும் கடையில் பிறந்து, கறிக்கடை மாலக்கியின் மனைவி காதுக்கு வந்து, அங்கிருந்து வியாழக்கிழமை காலை அட்ராக்டா டார்பியை எட்டியபோது, அவள் கையில் அரை கிலோ சாசேஜ் இருந்தது.

"ரெட்டை மெத்தையாம்," என்றான் மாலக்கி, கத்தியைத் துடைத்தபடி. "ஸ்பிரிங் வச்சது. ரெண்டு ஆளு மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கினாங்களாம். நான் பாக்கல. என் வீட்டுக்காரியும் பாக்கல. தலைக்குச் சாயம் போட உக்காந்திருந்த ஒரு பொம்பள சொன்னதா சொன்னா."

"யாருக்காம்?"

"இது என்ன கேள்வி? ஜூலை ரெண்டாவது சனிக்கிழமை அந்தப் பின்னறையில வேற யாரு வந்து படுப்பா? குடுத்து வச்சவங்க நீங்க."

கொடுத்து வைத்தவள் சாசேஜை மேசையில் வைத்து மறந்துவிட்டுக் கடையை விட்டு வெளியேறினாள். மாலக்கி பின்னாலேயே ஓடி வந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

கான்செப்டா, அட்ராக்டாவின் கணவன் ஃபின்டனுக்கு அக்கா. கணவனை இழந்தவள், கால்வேயின் சால்ட்ஹில் கடற்கரையில் தனியாக இருக்கிறாள். முப்பத்தொரு ஜூலைகளாக அட்ராக்டாவின் விடுமுறை என்பது அவள் வீட்டுப் பின்னறைதான். கடற்கரை வீடுதான், ஆனால் அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு எண்ணெய்த் தொட்டி. தினமும் கடலோரம் நடை, நடைபாதை முடியும் இடத்தில் ஊர் வழக்கப்படி எல்லோரையும் போலச் சுவரை ஓர் உதை, திரும்பி வந்தால் குளிர்ந்த ஹாம், பீட்ரூட், பாதி முட்டை. பழைய மெத்தை நடுவில் பள்ளமாகி, புருஷனும் பெண்டாட்டியும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒன்றாக உருண்டு சேர்ந்தார்கள். அவர்களுடைய இல்லற வாழ்வில் பாதிக் காதல் அந்தப் பள்ளத்தால் வந்தது என்பான் ஃபின்டன்.

இந்த வருடம் வேறு. இருபத்தாறு வருடம் ராஸ்காமன் பக்கத்தில் ஒரு சின்னத் தபால் அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் போன ஊர்களின் முத்திரைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் மார்ச்சில் ஓய்வு பெற்றாள். மறுநாளே ஒரு பச்சை நோட்டு வாங்கி, இந்த ஜூலைக்குச் சொந்தமாக ஒரு பயணத்தைத் திட்டமிட்டு எழுதினாள். கில்கென்னியில் ஆற்றைப் பார்த்த அறையில் இரண்டு இரவு. டன்கார்வனில் ஒன்று. கார்க்கில் மூன்று, அங்கே தபால்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏற வேண்டிய ஒரு செங்குத்துத் தெரு இருக்கிறது. அந்தத் தெருவுக்கு ஆயிரம் கடிதமாவது அனுப்பியிருப்பாள். எப்படித்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கடைசியாக டப்ளின். ஊருக்குள் கார் ஓட்ட ஃபின்டனுக்குக் கை நடுங்கும் என்பதால் எல்லையிலேயே நிறுத்திவிட்டு டிராமில் போவது என்பது வரை எழுதியாகிவிட்டது. அறைகள் எல்லாம் பேசியாகிவிட்டது. மழை பெய்தால் என்ன செய்வது என்று தனியாக நான்கு பக்கம். பெய்யாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அரைப் பக்கம்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. வரவில்லை என்று கான்செப்டாவிடம் சொல்வது.

கேட்பதற்கு எளிது. ஆனால் அந்த ஊர்ப்பக்கத்தில் 'வேண்டாம்' என்றால் யாரும் நம்புவதில்லை. முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, பேராசைக்காரி என்று நினைத்துவிடக் கூடாதே என்பதற்கு. மூன்றாவது, வற்புறுத்துகிறவளுக்கு நன்றாக வற்புறுத்த ஒரு வாய்ப்பு. அதன் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டியது. போன குளிர்காலத்தில் கொதிகலன் பழுது பார்க்க வந்த போலந்துக்காரர், டீ பிடிக்காதவர், உண்மையாகவே வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி ஒரே நாளில் ஏழு வீட்டில் ஏழு கோப்பை குடித்தார். நான்காவது வேண்டாமை அந்தத் தெருவில் யாரும் காதால் கேட்டதில்லை.

அட்ராக்டா அன்று மாலை கெட்டிலைப் பார்த்துப் பயிற்சி செய்தாள். "வேண்டாம் கான்செப்டா. வேண்டாம். வேண்டாம். வேண்டாம்."

"கடைசி வேண்டாம்ல கொஞ்சம் இழுக்குது," என்றான் ஃபின்டன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "இழுத்தா அவ பிடிச்சுக்குவா."

"உன் அக்காதானே? நீயே பேசேன்."

"நானா? நான் போன எடுத்தா வானிலை பேசிட்டு வச்சுருவேன். உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவளே எண்ணைச் சுழற்றினாள்.

"அடியே அட்ராக்டா! இப்பத்தான் உன்னை நினைச்சேன். சனிக்கிழமை எத்தனை மணிக்கு வர்றீங்க?"

"அதுக்குத்தான்... இந்தத் தடவை வேண்டாம் கான்செப்டா. உனக்கு எதுக்குச் சிரமம்?"

"என்ன சிரமம்? சும்மா இரு."

"இல்ல, நெசமாவே வேண்டாம்."

"உனக்கு எப்பவும் இதே பேச்சு. பங்குச் சாமியார் லூர்துக்கு யாத்திரை போயிட்டாரு, இந்த வாரம் பூரா காலைப் பூசை கிடையாது. வீட்டுல உக்காந்து நான் என்ன பண்ணப் போறேன்? ஜூலையில நான் எங்க போகப் போறேன், சொல்லு?" அங்கே ஒரு சின்னப் பெருமூச்சு கேட்டது. அட்ராக்டா அதைக் கவனிக்கவில்லை, அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"புது மெத்தை வாங்கியிருக்கியாமே?"

"அதை யாரு உனக்குச் சொன்னா?" என்றாள் கான்செப்டா, சற்று வேகமாக.

"ஊருல பேசிக்கிறாங்க. எங்களுக்காக இவ்வளவு செலவு பண்ணி... வேணாம் கான்செப்டா."

மூன்று ஆகிவிட்டது. மறுமுனையிலிருந்து 'சும்மா இரு' வரவில்லை. அட்ராக்டா வாழ்க்கையில் இதற்கு அப்பால் போனதில்லை. ஃபின்டன் செய்தித்தாளை இறக்கி நான்கு விரலைக் காட்டினான். அவள் வாயைத் திறந்தாள்.

"சரி, உனக்குக் கஷ்டமில்லன்னா..." என்றது அந்த வாய்.

"அப்படிச் சொல்லு!" என்றாள் கான்செப்டா. அந்தக் குரலில் சந்தோஷம் எவ்வளவு என்று பிறகு எத்தனை யோசித்தும் அட்ராக்டாவுக்குப் பிடிபடவில்லை. அதன் பிறகு இருவரும் பை பை பை என்று ஒன்பது தடவை சொல்லிவிட்டு வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அட்ராக்டா பச்சை நோட்டை ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் நடமாடினாள். மத்தியானம் உருளைக்கிழங்கில் உப்பு இல்லை. மாலையில் கேரட்டில் இரண்டு தடவை உப்பு. ஃபின்டன் மத்தியானத்து மிச்சத்தை எடுத்து வந்து இரண்டையும் கலந்து சாப்பிட்டான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் பெட்டிகளைக் காரில் ஏற்றி, வாசல் வரை ஓட்டிப் போய் நிறுத்தினான். வலது பக்கம் திரும்பினால் கால்வே. இடது பக்கம் கில்கென்னி. ஹாரனை அடித்தான்.

"தாயே! எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. நான் ரெண்டுக்கும் தயார். மெத்தைன்னாலும் சரி, மேட்டுத் தெருன்னாலும் சரி."

அட்ராக்டா கோட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் தொலைபேசி முன்னால் நின்றாள். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போதுதான் அந்த யோசனை வந்தது. கான்செப்டா பத்து மணிப் பூசைக்குப் போகாத நாள் கிடையாது. அந்த நேரத்தில் கூப்பிட்டால், போன் பத்து தடவை அடித்ததும், கான்செப்டாவின் மகள் வாங்கிவைத்த, செய்தி பதிவு செய்யும் இயந்திரம் பேசும். இயந்திரத்துக்கு 'என்ன சிரமம்' என்று சொல்லத் தெரியாது. 'சும்மா இரு' என்று அதட்டத் தெரியாது. அதனிடம் ஒரே ஒரு வேண்டாம் போதும்.

எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் மணி அடித்தது. ஒன்று. இரண்டு.

"எடுத்துடாதே," என்று மெல்லச் சொன்னாள். "புனித அந்தோணியாரே, எடுக்க விட்டுறாதேயும்."

மூன்று. நான்கு. வாசலிலிருந்து ஃபின்டன் கத்தினான்: "யாரைக் கூப்பிடுற?"

"உன் அக்காவை! பூசைக்குப் போயிருப்பா, மிஷின்ல சொல்லிடலாம்னு!"

"பூசையா? சாமியார் லூர்துல இல்ல இருக்காரு? வியாழக்கிழமை அவ சொன்னதா நீதானே சொன்னே! வீட்டுலதான் இருப்பா!"

வைத்துவிடலாம் என்று அட்ராக்டா ரிசீவரைக் காதிலிருந்து பாதி இறக்கினாள். ஐந்து. வைக்கவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள். கூடத்திலேயே இருக்கிறது அவள் போன். சமையலறையிலிருந்து நான்கு எட்டு. முப்பத்தொரு வருடத்தில் இரண்டாவது மணியைத் தாண்ட விட்டவள் இல்லை கான்செப்டா. குளியலறையிலிருந்துகூட ஈரத்தோடு ஓடி வந்து எடுப்பாள்.

ஆறு.

'ஜூலையில நான் எங்க போகப் போறேன், சொல்லு?' அந்தப் பெருமூச்சு இப்போதுதான் அட்ராக்டாவின் காதில் விழுந்தது. கூடவே, மெத்தை யாருக்கென்று கான்செப்டா சொல்லவே இல்லை என்பதும். எப்போதும் முதலில் கேட்பது அவள், மறுப்பது இவள். கேட்பதிலும் இப்படி மூன்று உண்டோ? முதல் கேள்வி மரியாதைக்கு, இரண்டாவது...

ஏழு. சால்ட்ஹில்லில் ஒரு கூடத்தில் தன்னைப் போலவே ஒருத்தி கோட்டை மாட்டிக்கொண்டு, காலடியில் பெட்டியோடு, அடிக்கிற போனைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்து நிற்பது போலத் தோன்றியது.

"எந்தப் பக்கம்?" என்றான் ஃபின்டன்.

"இரு," என்றாள் அட்ராக்டா. எட்டு.