பானைக்கு எத்தனை டப்பா அரிசி

நிலார் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் வேலையை விட்டாள். அப்புறம் துணி தைத்துப் பிழைப்பு. சகாயிங் பக்கம் பூமி குலுங்கிய அன்று அவளுடைய செங்கல் வீடும் விழுந்தது. காலில் அடிபட்ட மாமியாரைப் புளியமரத்தடியில் தார்ப்பாய் கட்டிப் படுக்க வைத்திருந்தாள்.

அந்த வாரமே நிவாரணக் குழுவிலிருந்து ஆள் வந்தது. எந்த வீடு குடியிருக்கத் தாங்கும், எந்தக் குடும்பத்துக்கு என்ன தேவை என்று யாராவது பார்த்து எழுத வேண்டுமாம். ஆண்கள் வெளியே தலைகாட்ட முடியாத காலம். நிலார் ஒப்புக்கொண்டாள். துணைக்கு நானும் போனேன்.

வீடுகளைக் கணிப்பதில் சிரமம் இல்லை. சாய்ந்த தூணும் வெடித்த சுவரும் பொய் சொல்லாது. மனிதர்கள்தான் சொன்னார்கள். பையன்களைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற பயத்தில், காகிதத்தோடு போன எங்களிடம் எல்லா வீட்டிலும் "ரெண்டு பொம்பளைங்கதான்" என்றே பதில் வந்தது. அப்படியே எழுதினால் பாதி ஊர் பட்டினி.

டே மியின் என்கிற அக்காவின் வீட்டுக்குப் போனபோது முற்றத்து அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"நானும் மருமகளும்தான் டீச்சர்" என்றாள் அக்கா.

நிலார் அடுப்பைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கா இவ்வளவு பெரிய பானை?"

"எனக்குப் பசி ஜாஸ்தி."

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நிலாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஆள் கணக்கு வேணாம்க்கா. பேரும் வேணாம். பால் டப்பாவுல அளந்து ஒரு நாளைக்கு எத்தனை டப்பா அரிசி போடுறீங்க? அது போதும்."

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பதினாறு" என்றாள்.

அதன்பின் எல்லா வீட்டிலும் அதையேதான் கேட்டோம். குழுத் தலைவர் சம்மதிக்கவில்லை. பணம் அனுப்புகிறவர்கள் ஆள் கணக்குத்தான் கேட்பார்கள் என்றார்.

"ரெண்டு டப்பாவுக்கு ஒரு ஆளுன்னு வகுத்துக்கோங்க" என்றாள் நிலார். "பேரை மட்டும் நான் எழுத மாட்டேன்." கூடவே, குண்டு போடும் விமானம் சுற்றுவதால் ஊரை ஓரிடத்தில் கூட்டாமல் தெருத்தெருவாக வண்டியில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னாள். அவர் நெடுநேரம் வாதாடிவிட்டுக் கடைசியில் தலையாட்டினார்.

மழைக்கு முன்னால் அரிசி வந்தது, தார்ப்பாய் வந்தது. மூங்கில் வடக்குத் தெருவுக்குப் போதவில்லை. அதற்காக இன்னும் அலைகிறோம்.

ஒருநாள் விடியற்காலையில் நாலைந்து இளைஞர்கள் நிலாரின் மனையில் வந்து குழி தோண்டத் தொடங்கினார்கள். டே மியின் அக்கா தேநீர்க் கெண்டியோடு பின்னால் வந்தாள். யார், எங்கேயிருந்து என்று யாரும் கேட்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் தூண்கள் நின்றன, சுவருக்கு மூங்கில் தட்டியும் கட்டியாயிற்று. மாமியார் தடியை ஊன்றி வந்து மூங்கில் தட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"இது தலையில விழுந்தா வீக்கத்தோட போயிடும்" என்றாள் கிழவி. "சீக்கிரம் கூரையைப் போடுங்க, உள்ள போய்ப் படுக்கணும்."