விருது வாங்கிய விளையாட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் அப்பா, நான், பெரியம்மாவின் மகன். அம்மா இல்லை, பூசை முடிந்ததும் மாதர் கூட்டத்துக்கு மாதா கோயிலில் நின்றுவிட்டார். அவர் இருந்திருந்தால் அப்படி நடந்திராது.

குருநகரில் எங்கள் பக்கத்தில் ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. அப்பா வலையைத் தொடவும் மாட்டார். பூசையால் வந்ததும் சாரத்தைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு ஒன்றாக இருந்த போனை எடுத்து மீன் பிடிப்பார். தூண்டிலை இறக்கி, நிறம் நிறமாக வரும் மீன்களை விரலால் இழுக்கும் விளையாட்டு.

“ஆறு நாளும் பிடிச்சது காணாதே?” என்பார் அம்மா.

“இதுக்கு மண்ணெண்ணெய் தேவையில்லை, பாரும்.” பிறகு என்னிடம், “டேய், உந்தப் பாரையைப் பார், ஊதா நிறம்! எந்தக் கடலிலையடா உது?”

இருவரும் மாறி மாறி விளையாடி, வயிறு நோகச் சிரிப்போம்.

அன்று பெரியம்மாவின் மகன் எட்டிப் பார்த்தான். உயர்தர வகுப்பில் படிப்பவன், வெளிநாட்டில் விளையாட்டுகளுக்கு விருது கொடுக்கும் விழாக்களையெல்லாம் விடாமல் பார்ப்பவன்.

“உதையே விளையாடுறியள்? உதுக்கு ஆர் விருது குடுத்தது? நான் சொல்லுறதைப் போடு. உலகத்திலையே திறம் எண்டு விருது எடுத்தது.”

எனக்குப் பதினொரு வயது. பரிசளிப்பு விழாவில் மேடை ஏறினவன் கெட்டிக்காரன், ஏறாதவன் மொக்கு என்று நம்பிய வயது. இத்தனை நாள் ஒரு மொக்கு விளையாட்டுக்கா சிரித்தோம் என்று வெட்கமாக இருந்தது. போனில் இடம் போதவில்லை. மீன் விளையாட்டை அழித்தேன். அப்பா அதில் நூற்றுச் சொச்சம் கட்டங்கள் தாண்டியிருந்தார்.

புதியது இறங்கியதும் முதலில் அவரிடமே நீட்டினேன்.

“அப்பா, விருது வாங்கினது. நீங்கள் முதல் விளையாடுங்கோ.”

மீன் வரவில்லை. ஆங்கில எழுத்து வந்தது. ஒரு பெண் கேள்வி கேட்டாள். கீழே மூன்று பதில்கள். அப்பா பெருவிரலால் அமத்தினார். இன்னும் எழுத்து வந்தது.

“வாசிச்சுப்போட்டெல்லோ அமத்தவேணும், சித்தப்பா!” பெரியம்மாவின் மகன் சிரித்தான்.

அப்பா போனைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். “கண் தெரியேல்லையடா தம்பி. நீ விளையாடு.” என் மடியில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வலையை விரித்துக்கொண்டு இருந்தார்.

அந்த விளையாட்டு உண்மையிலேயே நல்லது. அகராதியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விளையாடி, முடிவில் அழுதேன். விருது கொடுத்தவர்கள் பிழை விடவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அழித்தது நான். மீன் விளையாட்டைத் திரும்ப இறக்கியும் கொடுத்தேன். “பிறகு பாப்பம்,” என்றார். தொடவேயில்லை.

பல்கலைக்கழகப் படிவத்தில் நான் அப்பாவிடம் கையொப்பம் கேட்டபோதுதான் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழிலும் அப்பாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வெகுதூரத்தில் மீன்கூட்டத்தைக் கண்டு சொல்பவருக்குக் கையிலுள்ள கடதாசி மட்டும் ஏன் தெரிவதில்லை, வரும் கடிதங்களை அம்மா ஏன் முந்திக்கொண்டு வாங்குகிறார் என்று பதினொரு வயதில் நான் யோசித்ததேயில்லை.

அந்த ஞாயிறு புதியதை இறக்க டேட்டா போதாமல் இருந்தது. “பிள்ளை ஆசைப்படுறான்” என்று வெயிலில் கடைக்கு நடந்துபோய் ரீலோட் போட்டுவந்ததும் அப்பாதான். இருநூறு ரூபா.