வேலிக்கு அந்தப் பக்கம் படித்தவள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோப்பாயில், உயர்தரப் பரீட்சைக்கு நான் இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இரண்டாம் முறை என்று சொன்னாலே எங்கள் ஊரில் பாதிக் கதை விளங்கிவிடும். முதல் முறை பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் போய்விட்டன. இந்த முறையும் தவறினால் மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கூடப் படித்தவர்களில் ஒருத்தி பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கம்பஸுக்கு, போய்விட்டாள். ஒருத்தி லண்டனுக்கு. இன்னொருத்தி ஒருவருக்கும் சொல்லாமல் சண்டைக்கென்று இயக்கத்துக்குப் போனாள். அவளுடைய சைக்கிள் நாங்கள் படித்த டியூட்டரி வாசலில் கனநாள் நின்றது. அப்பாவுக்குக் கொழும்பில் வேலை; போரால் பாதை மூடியதால் வர முடியவில்லை. ஆசிரியையான அம்மா, பள்ளிக்கூடம் முடிந்து கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடை வரிசையிலும் நின்றுவிட்டுப் பொழுதுபடத்தான் வீடு வருவார். தெருவில் இறங்கினால், "என்ன பிள்ளை, கம்பஸ் சரிவந்துதோ?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து வாசல் படலையைத் தாண்டுவதையே விட்டுவிட்டேன். சில நாட்களில் பகல் முழுக்க நான் கதைத்த ஒரே சீவன் எங்கள் வீட்டு ஆடுதான். அதுவும் பாதியில் எழும்பிப் போய்விடும்.

மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் கிடைப்பது பெரும்பாடு. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே படித்தாக வேண்டும். பின்வளவில் கதிரையைப் போட்டு, சத்தமாக வாசித்துப் பாடமாக்குவேன். ஒருநாள் பின்னேரம் தொண்டை வறண்டு நான் நிறுத்திய பிறகும் விலங்கியல் நிற்கவில்லை. பனையோலை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் அதே பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டின் வாசல் வேறு ஒழுங்கையில் இருந்தது. இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று அங்கே இருப்பது மட்டும்தான் தெரியும். போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் எத்தனையாவது முறை என்று கேட்பாளே! முகம் தெரியாதவரைக்கும் நல்லது என்று இருந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு போட்டி தொடங்கியது. அவள் குரலை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன். அவள் நிறுத்தாமல் நானும் நிறுத்தமாட்டேன். ஒருமுறை, தவளையின் இதயத்தில் ஒரு சோணையறை, இரண்டு இதயவறைகள் என்று மாறி வாசித்துவிட்டேன். உடனே அந்தப் பக்கமிருந்து, "இரண்டு சோணையறை! ஒரு இதயவறை!" என்று வேலி அதிர வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. நான் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

அதன் பிறகு என் பிழை ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. அந்தத் திருத்தலுக்காகவே பின்னேரம் எப்போது வரும் என்று காத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? அவளிடம் ஒரு வார்த்தை நேராகக் கதைத்ததில்லை. ஆனாலும் அந்த வருடம் எனக்கிருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

பரீட்சை நெருங்கிய நாட்களில் அந்தக் குரல் கொஞ்சம் மாறியது. கரகரப்பாக, சொற்களை உடைத்து உடைத்து வந்தது. தடிமன், சளி பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். புத்தகத்தின் முதலாம் பாடத்திலிருந்து வேறு தொடங்கியிருந்தாள். கெட்டிக்காரி, அவளே முதலிலிருந்து தொடங்குகிறாள் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று நானும் பதறிக்கொண்டு முதலாம் பாடத்துக்கு ஓடினேன். இன்னொன்றையும் கவனித்தேன். அவள் இப்போது என்னைத் திருத்துவதே இல்லை. ஒரு பிழையும் விடாமல் படிக்கிறேன் என்று எனக்குள் பெரிய பெருமை. அந்தப் பெருமையோடுதான் மண்டபத்துக்குப் போய், ஒரு கேள்வியும் விடாமல் எழுதினேன்.

கடைசி வினாத்தாள் முடிந்த அன்று துணிவு வந்தது. சைக்கிளை வீட்டுக்குத் திருப்பாமல் மற்ற ஒழுங்கையால் விட்டேன். படலையைத் திறந்தவர் அம்மாவின் வயதுடைய ஒரு பெண். விறாந்தையில் ஒரு ஐயா பாரிசவாதத்தில் படுத்திருந்தார்.

"பின்வீட்டுப் பிள்ளை நான், அன்ரி. உங்கடை மகளைப் பாக்க வந்தனான்."

அன்ரி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் குறைத்துச் சொன்னார்.

"அவள் போயிட்டாள் பிள்ளை. வெளியாலை போக இயக்கம் குடுக்கிற பாஸ் கிடைச்ச கையோட கிளாலிக் கடலாலை வள்ளத்திலை அனுப்பிப்போட்டம். தமையன் கனடாவுக்கு எடுக்கிறான். இவரை விட்டிட்டு நான் எங்கை போறது?"

"அப்ப பரீட்சை?"

"எழுதேல்லை."

"பிறகு வாசிச்சது ஆர்?"

அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நான்தான். தெரிஞ்சால் வழியிலை மறிச்சுப்போடுவினம்; அவள் கொழும்பு போய்ச் சேருமட்டும் ஆருக்கும் தெரியக்கூடாதெண்டு முதல் ரெண்டு நாளும் வாசிச்சனான். பிறகு நிப்பாட்ட மனம் வரேல்லை. நீர் அந்தப் பக்கம் தனிய இருந்து கத்துறீர். இஞ்சையும் வீடு ஓவெண்டு கிடக்கு. ஒரு கோதாரியும் விளங்கேல்லை, எழுத்துக் கூட்டி வாசிச்சன்."

திருத்த ஆளில்லாமல் எத்தனை பிழையோடு பாடமாக்கினேனோ என்று ஒரு கணம் பயந்தேன். அடுத்த கணம் அழுதுவிட்டேன். சிநேகிதி போனது தெரியாமலே அவளோடு படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் கிளம்பும்போது அவர் படலைவரை வந்தார்.

"சோதனை முடிஞ்சுதெண்டால் இனி வாசிக்கமாட்டீரோ பிள்ளை?"

மறுநாள் பின்னேரம் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய், கையில் அகப்பட்ட ஒரு பழைய வாரப் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். அந்தப் பக்கம் குரல் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் வேலியோரமாக ஒரு கதிரை இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

மருத்துவபீடம் கிடைக்கவில்லை, விஞ்ஞானபீடம் கிடைத்தது, மாப்பிள்ளைப் பேச்சும் நின்றது. ஆனால் அந்த வருடத்தை நினைக்கும்போது இன்றும் முதலில் வருவது அதுவல்ல. உலகத்திலேயே நான்தான் தனித்துப்போனவள் என்று என்னையே நொந்துகொண்டிருந்த நாட்களில், மகளையும் அனுப்பிவிட்டு என்னைவிடத் தனித்துப்போன ஒரு தாய், விளங்காத புத்தகத்தை எனக்காக வாசித்துக்கொண்டிருந்தார் என்பதுதான்.