துணிமூட்டையோடு ஓடியவன்

முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும், எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமான பதறுவதை ஒரு வாரம் விடாமல் செய்தேன். பிறகு மகள் என்னை இழுத்துப்போய் ஒரு வகுப்பில் சேர்த்தாள். பாயில் மல்லாந்து படுக்க வேண்டும். முட்டியை மடித்து, மெல்ல, மிக மெல்ல ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். முதுகில் எந்த இடம் தரையைத் தொடுகிறது என்று கவனிக்க வேண்டும். இப்படியே செய்துவந்தால் மாடிப்படி சுலபமாகும், ஓடக்கூட முடியும் என்றார்கள். சுற்றிலும் எல்லாரும் கண்ணை மூடிச் சுகமாகக் கிடந்தார்கள். நான் மட்டும் காற்றை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன். தரையில் படுத்து முட்டியைச் சாய்த்தால் அடுத்து கேஸ் வரும் என்று என் உடம்பு ஏழு வயதிலேயே படித்து வைத்திருந்தது.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் மதிலை ஒட்டி இருந்தது எங்கள் வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம் புகைபோக்கி, இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் வானத்தைப் பார்த்தால் காற்றாடிக்காக என்று நினைக்க வேண்டாம். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம். கேஸ் கசிந்து கண் எரிந்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, புகை சாயாத பக்கமாக ஓட வேண்டும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. சோறு தின்னக் கற்றது போலக் கற்றது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு துண்டு நனைந்தபடியே தொங்கும்.

அந்த வருடம் அம்மா தண்ணீர் லாரி அருகே குடத்தோடு வழுக்கி விழுந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்வாள். தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கச் சுவரையும் கதவையும் சாமியையும் துணைக்குக் கூப்பிடுவாள். ராயபுரத்தில் ஒரு மாதா கோயிலின் இலவச மருத்துவ அறையில் இருந்த சிஸ்டர், ஊசி போடாமல், மாத்திரை தராமல், படுக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். முட்டியை மடித்துச் சாய்த்து, வலிக்கிற இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். முக்கக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. கொஞ்சம் அசைத்துவிட்டு நிறைய ஓய்வெடுக்க வேண்டும். அவ்வளவுதான் மருந்து.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். வியர்க்காத எதுவும் அவருக்கு வேலையே இல்லை.

"இன்னா மே இது? தூங்கறதுக்கு ஒரு டாக்டரு, அதுக்கு பஸ்ஸு புட்சி வேற போய்ட்டு வர்றியா?"

"தூங்கலய்யா. இடுப்பு எங்க கீதுன்னு பாத்துக்கினு கீறேன்."

"அதுகூடத் தெரியாதா உனுக்கு? பேஜாரு மே உன்னோட!"

அம்மாவே சிரித்துவிட்டாள். சில நாள் செய்வாள், பல நாள் விட்டுவிடுவாள்.

அப்படிச் செய்த ஒரு காலையில் அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா பாயில் கிடந்து முட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கைக்குழந்தையான தங்கச்சி பழைய புடவைக்குள் சுருண்டு தூங்கினாள். அவள் உருண்டுவிடாதபடி இன்னொரு பழைய புடவையைச் சுருட்டி அணை கொடுத்திருந்தாள் அம்மா. நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று மூக்கில் சுருக்கென்று ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டியவன், பற்பசை நுரையோடு வாயைத் திறந்து, "கேஸு! கேஸு!" என்று அலறினேன். தொழிற்சாலைச் சங்கு அன்றைக்கு என்னிடம் தோற்றிருக்கும். தெருவில் கதவுகள் படபடவென்று திறந்தன.

அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். புரண்டாள், கையை ஊன்றினாள், வலியில் மறுபடி மல்லாந்துவிட்டாள்.

"டேய், பாப்பாவத் தூக்கினு ஓடு. நிக்காத. நா பின்னாலயே வர்றேன்."

தூக்கினேன், ஓடினேன். மூக்கில் கட்ட வேண்டிய ஈரத்துண்டைத் தலையில் கட்டியிருந்தேன் என்று பிற்பாடு சொன்னார்கள். கடற்கரைக் கருங்கல் மீது ஏறி நின்றபோதுதான் மூச்சு விட்டேன். கூட ஓடிவந்த எதிர்வீட்டு மாமா, "பாப்பாக்கு மூச்சு வர்தா பாருடா" என்று என் கையிலிருந்து வாங்கிப் புடவையைப் பிரித்தார். பிரித்தார், பிரித்துக்கொண்டே இருந்தார். கடைசிவரை புடவைதான் வந்தது.

"டேய் நைனா, பாப்பா எங்கடா?"

என் வாயில் இன்னும் நுரை இருந்தது. மாமா திரும்பி ஓடத் தொடங்கிய நேரத்தில் தெருமுனையில் அம்மா தெரிந்தாள். மார்பில் தங்கச்சி. ஒரு பக்கம் இழுத்து இழுத்து வந்தாள். முட்டிக்கு நேராகப் புடவை கிழிந்து மண் அப்பியிருந்தது. வாசல் வரை தவழ்ந்திருக்கிறாள்.

அவளுக்குப் பின்னாலேயே செய்தியும் வந்தது. கார்ப்பரேஷன் ஆட்கள் சாக்கடையில் பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு கொட்டியிருக்கிறார்கள். அதுதான் கேஸ்.

கடற்கரையே சிரித்தது. "கேஸு வந்தா கெளப்பு மாமு, துணிய மட்டும் வுட்றாத!" என்று என் முதுகில் தட்டினார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் புடவையை வாங்கி மணலை உதறினாள்.

அன்று சாப்பிடும்போது, வேறெங்காவது போய்விடலாமா என்று அப்பாவிடம் கேட்டாள்.

"எங்க மே போறது?"

அதன்பிறகு அவள் ஒரு நாள்கூடப் பாயை விடவில்லை. முட்டியைச் சாய்ப்பாள், தலை அதன் பின்னால் திரும்பும், தோள் தொடரும், புரள்வாள். அங்கேயே நிறுத்தி ஓய்வெடுப்பாள். இன்னொரு நாள் கையூன்றி மண்டியிடுவது மட்டும். மற்றொரு நாள் மண்டியிலிருந்து எழுவது. எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று அவசரமே இல்லாமல் தேடுவாள். சுவரும் கதவும் தேவைப்படாமல் போயின. சாமியை மட்டும் விடவில்லை. பிறகு, தங்கச்சி அளவுக்குச் சுருட்டிய அந்தப் பழைய புடவையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு இதையெல்லாம் முதலிலிருந்து செய்ய ஆரம்பித்தாள்.

என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். தெருதான் சிரிக்கிறதென்றால் பெற்ற தாயுமா? மூட்டையை ஒளித்து வைத்தேன். அவள் திட்டாமல் தேடி எடுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு விடியலில் என்னையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். தங்கச்சியை அப்பாவிடம் விட்டிருந்தாள். மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக வைத்து, மணலில் ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. ஒரு கட்டுமரத்துக்குப் பின்னால் குந்தி, இந்த அம்மாள் யாரோ என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மூச்சு வாங்க என்னிடம் வந்தாள். முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

"ஏறு."

"நா பெரிய பையன். நானே ஓடுவேன்."

"தெரியும்டா கண்ணு. சும்மா ஏறு."

ஏறினேன். முன்னால் மூட்டை, பின்னால் நான். இரண்டு அடி வைத்தாள், நின்றாள், பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பார்ப்பது போல் இடுப்பை மெல்ல அசைத்தாள், மறுபடி நடந்தாள். வெகுநாள் கழித்து அம்மா என்னோடு விளையாட வந்திருக்கிறாள் என்ற சந்தோஷத்தில், ஜட்கா வண்டிக்காரனைப் போல நாக்கைச் சொடுக்கி, குதிகாலால் அவள் இடுப்பில் ஒன்று வைத்து, "இன்னும் வேகமா!" என்று கத்தினேன்.