ராகுகாலத்தில் கிடைத்த வேலை

அம்மனை நம்பும் சகோதரிகளே, எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

போன வருடம் ஆடியில் என் கணவர் சிங்கப்பூரில் சாரத்திலிருந்து விழுந்து முதுகொடிந்து ஊர் திரும்பினார். திருவாரூர்ப் பக்கம் எங்கள் கிராமம். அன்றிலிருந்து அவருக்குப் படுக்கைதான். நிலம், வீடு எல்லாம் அவருடைய அண்ணன் கைக்குப் போனது. என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு மேல பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு? தை பொறந்ததும் மாப்ள பாத்துடலாம்" என்று அண்ணன் முடிவே செய்துவிட்டார்.

நான் வேதியியல் பட்டதாரி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அரிசி ஆலையில் நெல்லின் ஈரப்பதம் பார்த்தவள். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். மறுபடி வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் உறவினர் முன்னால் அவர் சிரித்தார்.

"பதினேழு வருஷமா சோத்துப் பானைய கிண்டுனவ, இப்ப மெஷின கிண்டப் போறாளாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த செவ்வாய் ராகுகாலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை மூடியில் விளக்கேற்றினேன். ஒன்பது வாரம் நேர்ந்துகொண்டேன். மறைக்க மாட்டேன்: வேலை மட்டும் கேட்கவில்லை. சிரித்த வாய் என் முன்னால் வந்து கெஞ்ச வேண்டும் தாயே என்று கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன்.

பல ஆலைகளுக்கு மனுப் போட்டேன். ஒன்பதாவது வாரம் ஓர் ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. செவ்வாய், மாலை நாலு மணி.

"ராகுகாலத்துல போய் நின்னா வெளங்கிடும்!" என்றார் அண்ணன்.

மூன்று மணிக்கு விளக்கேற்றிவிட்டு, எலுமிச்சை வாசம் போகாத கையோடு பஸ் ஏறினேன்.

ஆலையில் மேனேஜர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "அஞ்சு பேர வரச் சொன்னேன்மா. ராகுகாலம்னு ஒருத்தரும் வரல. நீங்க எப்படி வந்தீங்க?"

"அந்த நேரத்துலதான் சார் ஒம்பது வாரமா அம்மன் முன்னாடி நிக்கிறேன்."

ஈரம் பார்க்கும் புது மெஷின் எனக்குப் பழக்கமில்லை என்று உண்மையைச் சொன்னேன். ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து, ஈரம் அதிகம் என்றேன். மெஷினும் அதையே காட்டியது. "நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

மகள் படிப்பு இனி என் சம்பளத்தில் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். தை பிறந்தது. மாப்பிள்ளை வரவில்லை. அண்ணன்தான் டிராக்டரில் நெல் ஏற்றிக்கொண்டு ஆலைக்கு வந்தார். மேல் மூட்டைகள் காய்ந்திருந்தன. அடி மூட்டையில் குத்தூசி விட்டு நெல்லை எடுத்துப் பார்த்தேன். ஈரம். பகையில் தப்புச் செய்துவிடக் கூடாதே என்று இன்னும் இரண்டு மூட்டை பார்த்தேன். அதுவும் ஈரம்.

"என்னம்மா, நம்ம வீட்டு நெல்லு. கொஞ்சம் பாத்துப் போடும்மா. கெஞ்சிக் கேக்குறேன்."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னை 'அம்மா' என்றார்.

"நம்ம வீட்டு நெல்லுதாங்க. ஈரமா இருக்கு. காய வச்சுக் கொண்டாங்க."

ஆலைக் களத்திலேயே கொட்டிப் பரப்பி, வேட்டியை மடித்துக் கட்டி, உச்சி வெயிலில் காலால் துழாவிக்கொண்டு நின்றார். எங்கள் ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. பாவமென்றால் இருக்கட்டும். தாய் காட்டிய காட்சியைக் கண்ணாரப் பார்த்தேன்.

என் மகள் இப்போது என் சம்பளத்தில் கல்லூரிக்குப் போகிறாள். தலை நிமிர்ந்து போகிறாள்.

சகோதரிகளே, பீரோவுக்குள் கிடக்கும் சான்றிதழை எடுங்கள். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களை மறக்கச் சொல்ல மாட்டேன், நானும் மறக்கவில்லை. அவர்களை அம்மனிடம் ஒப்படையுங்கள். ஒப்படைத்துவிட்டு விளக்கின் முன்னாலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பஸ் ஏறுங்கள்.